பம்புக்கு வராத கரண்ட்

என் காரை விற்க என் மகன் ஆள் பார்த்துவிட்டான். சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போவார்களாம். கார் என் பெயரில் இருப்பதால் நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம், மீதி எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்வானாம். என்ன பெரிய மனசு!

முந்தாநாளிலிருந்து வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. மகன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். அவர் பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "பெட்ரோல் பம்ப் போச்சும்மா. அதை மாத்துற செலவுக்கு இந்த வண்டி தாங்காது" என்றார். மகன் உச்சுக்கொட்டினான். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

கார் போய்விட்டால் என் கதி என்ன என்று எனக்குத் தெரியும். எதுக்கு, யாரோட, எப்ப வருவீங்க என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். இத்தனை வயசுக்குப் பிறகு அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. பம்ப் இருப்பது பின்சீட்டுக்கு அடியில், டாங்கிக்குள். அந்த மெக்கானிக் பின்கதவைத் திறக்கவே இல்லை. சீட்டின் மேல் நான் போட்ட குடை போட்டபடி கிடக்கிறது. பார்க்காத பம்ப் செத்துப்போனது இவருக்கு எப்படித் தெரிந்தது?

ஓய்வு பெறும்வரை நான் டெலிபோன் ஆபீசில் பழுது பார்த்தவள். கம்பம் ஏறியிருக்கிறேன், பள்ளத்திலும் இறங்கியிருக்கிறேன். லைன் போச்சு என்று யாராவது சொன்னால் நாங்கள் போனை மாற்ற மாட்டோம். கரண்ட் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்றுதான் தேடுவோம்.

மருமகளைக் கூப்பிட்டேன். தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலில் துண்டைச் சுற்றியபடியே வந்தாள்.

"மெக்கானிக்கே சொல்லிட்டாரே அத்தை?"

"அவரு சொன்னாரு. பம்ப் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. சாவியைத் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாத."

நல்ல நாளில், சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன முனகல் கேட்கும். பம்ப் ஓடி, இரண்டு விநாடியில் தானாக நின்றுவிடும். இன்று சத்தமே இல்லை.

இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்து டெஸ்ட் லாம்ப் செய்துகொண்டேன். முதலில் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், எரிந்தது. பல்பே கெட்டுப்போயிருந்தால் நாள் முழுக்க முட்டாளாக வேண்டியதுதான். பிறகு ஒரு வயரை வண்டியின் இரும்பில் மாட்டி, இன்னொன்றால் பியூஸைத் தொட்டேன். இரண்டு பக்கமும் எரிந்தது. மருமகள் சாவியைத் திருப்ப, பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே டிக்கென்றது. ரிலேயிலிருந்து பம்புக்குப் போகும் வயரில் பல்பு இரண்டு விநாடி எரிந்து அணைந்தது.

"எரியுது அத்தை!" மருமகள் துள்ளினாள். துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது.

குடையை முன்சீட்டில் போட்டுவிட்டு, பின்சீட்டைத் தூக்கினோம். பம்பின் பிளக்கைக் கழற்றி அதில் பல்பை வைத்தேன்.

"திருப்பு."

"திருப்பிட்டேன்."

"மறுபடி திருப்பு."

எரியவில்லை. பம்ப் செத்திருந்தாலும் கரண்ட் அதன் வாசல்வரை வந்திருக்க வேண்டும். வரவே இல்லை. அப்படியானால் கோளாறு நடுவழியில்.

கதவோரத்து பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்தேன். உள்ளே வயர் கட்டு முழுக்க தூசி படிந்து கிடந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பளபளவென்று புது டேப். அதிலிருந்து இரண்டு புது வயர்கள் டிரைவர் சீட்டுக்கு அடியில் போயின. கையை விட்டுத் தடவினேன். ஒரு சுவிட்ச்.

தட்டிவிட்டு, பிளக்கை மாட்டி, சாவியைத் திருப்பச் சொன்னேன். பம்ப் முனகியது.

மருமகள் என்னைப் பார்த்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாது அத்தை." தெரியாது என்பது அவள் முகத்திலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. திருடன் வைத்திருந்தால் நாலு வசவோடு மறந்திருப்பேன். பெற்ற பிள்ளை ஆளை விட்டு வயரை அறுத்துவிட்டு, என் எதிரிலேயே நின்று உச்சுக்கொட்டியிருக்கிறான்.

அழுது முடித்ததும் சுவிட்சை வெட்டி எடுத்தேன். அறுந்த இரண்டு முனைகளையும் முறுக்கி, மடித்து, டேப் சுற்றினேன். நான் போட்ட இணைப்பு இழுத்தாலும் வராது.

சாயங்காலம் மகன் வந்தபோது வண்டி முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூட வந்தவருக்கு ஒரே சந்தோஷம். "அட, ஓடுதே!" என்றார். மகன் முகத்தில் ஈயாடவில்லை.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று வந்தவரிடம் சொன்னேன். "கரண்டைத்தான் நடுவுல மறிச்சு வெச்சிருந்தாங்க. வண்டி விக்கிறதா இல்ல. இந்த சுவிட்ச் புதுசு, வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

"அம்மா, உள்ள போய்ப் பேசலாம்" என்றான் மகன்.

"விக்கிறது வெளியில, பேசுறது மட்டும் உள்ளயா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "போன மாசம் கேட் தூண்ல உரசினீங்க."

"அதே தூண்ல நீ ரெண்டு தடவ உரசியிருக்க. உன் வண்டியில எவனும் சுவிட்ச் வெக்கலையே?"

"மூணு தடவ" என்றாள் மருமகள்.

வந்தவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் கண் கலங்கிவிட்டான். "நீங்க வெளிய போனா வர்றவரைக்கும் எனக்கு பயமா இருக்கும்மா. நேர்ல சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க."

"கேக்க மாட்டேன்தான். ஆனா பயம் உனக்குத்தானே வருது? அப்ப வீட்ல உக்கார வேண்டியது நீ. என்னை ஏன்டா உக்கார வெக்கிற?"

நான் ஏறி உட்கார்ந்தேன். மருமகள் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, குடையைப் பின்னால் தள்ளிவிட்டு, அவளும் ஏறினாள். அவன் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஹாரன் அடித்தேன். இரண்டாம் முறை அடித்ததும் கேட்டைத் திறந்தான்.

"தூண்கிட்ட பாத்தும்மா."

"தூண் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ தள்ளிக்க."