கெட்டுப்போன வேலை ஒன்றைக் காட்டுங்கள்

1

கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தனியாகக் குளிப்பதன் விலை மூன்று லட்சத்து எண்பதாயிரம். வரி உட்பட. இடித்த கல்லையும் மண்ணையும் அள்ளிப்போகிற வண்டியின் வாடகையும் இதில் அடக்கம்.

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உதிக்கவில்லை. அக்கா போனில் கூப்பிட்டாள்.

"நீ சும்மாதானே இருக்கே?"

"எழுதிட்டிருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன். குளியலறையை இடிச்சுக் கட்டணும். மூணு காண்ட்ராக்டர் வராங்க. வந்து பக்கத்துல உட்காரு. வாயை மட்டும் திறக்காதே. நீ வாயைத் திறந்தா விலை ஏறும்."

உண்மைதான். பாத்திரக்கடைக் குடும்பத்தில் பிறந்தும், விலை கேட்பதற்கு முன்பே கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிடுகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே இந்தக் கதையில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை, ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். கதை அக்காவுடையது.

2

தொடக்கம், முதல் முயற்சி: மழை விடாது பெய்த அந்த மாலையில் வீட்டின் கதவுகள்கூட அழுதுகொண்டிரு

(வேண்டாம். கதவு அழுகிறது என்றால், "கீலுக்கு எண்ணெய் விட்டியா?" என்று கேட்பாள் அக்கா.)

இரண்டாம் முயற்சி: நம்பிக்கை என்பது யாதெனில்,

(இதுவும் வேண்டாம். 'யாதெனில்' என்று பேச்செடுத்த எவனும் வாங்கிய கடனை எங்கள் கடையில் திருப்பிக் கொடுத்ததில்லை.)

மூன்றாம் முயற்சி: குளியலறைக் கதவின் அகலம் இரண்டடி. மாமாவின் வாக்கர் இரண்டடி இரண்டு அங்குலம்.

இது இருக்கட்டும். அளவு தெரிந்தால் சங்கடம் தானே தெரியும்.

மாமா அக்காவின் கணவர். நாற்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து, ஊருக்கெல்லாம் கடைசி வரியைப் படிக்கச் சொன்னவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து நேராக மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவரை மருமகன் குளிப்பாட்டுகிறான். தங்கமான பையன். முகம் சுளிக்க மாட்டான். கோளாறே அதுதான். முகம் சுளித்தால் ஒரு சண்டையாவது போடலாம்.

"அவன் தலை துவட்டி விடறப்ப எனக்கு எங்கே பாக்கறதுன்னே தெரியலை" என்றார் மாமா போனில். "நம்ம வீட்டுல நானே உள்ள போய், நானே தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க முடியும்னா வரேன். அங்கேயும் ஆள் வெச்சுத்தான் குளிப்பாட்டுவேன்னா, நான் இங்கேயே கெடக்கேன். ஒரே அவமானத்துக்கு எதுக்கு ரெண்டு வீடு?"

அக்கா "சரி சரி, ரொம்பப் பேசாதீங்க" என்று போனை வைத்தாள். வைத்த கையோடு அளக்கும் நாடாவை எடுத்தாள்.

3

எங்கள் குடும்பத்தில் ஆளை எடைபோட ஒரு வழி உண்டு. விற்ற சரக்கை எவனும் காட்டுவான். திரும்பி வந்த சரக்கை என்ன செய்தான் என்று பார்க்க வேண்டும். ஒழுகுகிற குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வரும் வாடிக்கையாளரிடம் கடைக்காரன் முகம் எப்படிப் போகிறது, அதுதான் கடை.

அக்கா அதைக் காண்ட்ராக்டர்களிடம் திருப்பினாள். மூவரிடமும் ஒரே கேள்வி. "நீங்க பண்ணி, கெட்டுப்போன வேலை ஒண்ணைக் காட்டுங்க."

முதலில் வந்தவருக்கு அக்கா வைத்த பெயர் ஆல்பம். கையகலத் திரையில் குளியலறைகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஒவ்வொன்றும் அரண்மனை; ஒன்றிலும் ஒரு வாளி இல்லை.

"கெட்டுப்போன வேலையா? நம்ம ஹிஸ்டரியிலேயே கிடையாது மேடம்."

"அப்ப உங்க ஹிஸ்டரி ரொம்பச் சின்னதுபோல" என்றாள் அக்கா. டீ பாதியில் இருக்கும்போதே டம்ளரைத் திருப்பி வாங்கத் தட்டு நீட்டப்பட்டது.

இரண்டாமவர் வாசலிலேயே, "என்னை உங்க வீட்டுப் பிள்ளையா நினைச்சுக்கங்க ஆன்ட்டி" என்றார். கேள்வியைக் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார்: ஒரு கூரை ஒழுகியது, அது கொத்தனார் செய்த தப்பு. ஒரு குழாய் வெடித்தது, அது பிளம்பர் செய்த தப்பு. ஒரு சுவர் ஈரம் கோத்தது, அது பக்கத்து வீட்டுக்காரர் செய்த தப்பு.

அவர் போனதும் அக்கா சொன்னாள்: "வீட்டுப் பிள்ளைன்னா வீட்டுல திட்டு வாங்கணும். இது திட்டையெல்லாம் அடுத்த வீட்டுக்கு அனுப்பிட்டு வந்து நிக்குது."

மூன்றாமவர் கேள்வியைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார். நெடுநேரம் சொறிந்தார். பிறகு, "இருக்குங்க" என்றார்.

"எங்கே?"

"உங்களுக்கு எந்த மாதிரி வேணும்? தண்ணி சம்பந்தமா கெட்டது ஒண்ணு இருக்கு. கதவு சம்பந்தமா ஒண்ணு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"தண்ணி" என்றாள்.

(அவருக்கு அக்கா வைத்த பெயர் தலைசொறி. "கதையில எழுதறப்ப மரியாதையா எழுது" என்றும் சொல்லிவிட்டாள். ஆகவே இனி தலைசொறியார்.)

4

அக்கா தண்ணீரைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மாமா காலைத் தூக்கி வைக்க முடியாது. குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்கு இருக்கும் தடுப்பை எடுத்தாக வேண்டும். தடுப்பை எடுத்தால் தண்ணீரை உள்ளே நிறுத்துவது தரையின் சாய்வு ஒன்றுதான். சாய்வு பிசகினால் படுக்கையறையில் ஈரம். ஈரத்தில் வாக்கர். வாக்கருக்குப் பின்னால் மாமா.

கெட்டுப்போன வேலை ஒரு தையற்காரம்மாவின் வீட்டில் இருந்தது. வாயில் இரண்டு ஊசியைக் கடித்துக்கொண்டே கதவைத் திறந்தார். தலைசொறியாரைப் பார்த்ததும் ஊசிகளை எடுத்தார், திட்டுவதற்கு வசதியாக.

"வாங்க, வாங்க. யாரு, இந்த மாசத்து ஏமாளியா?"

"பாக்கணும்னாங்க" என்றார் தலைசொறியார்.

"நல்லாப் பாருங்கம்மா. தரை போட்டாரு. முதல் நாள் குளிச்சேன். தண்ணி விருந்தாளி மாதிரி நேரா கட்டிலுக்கு வந்துருச்சு."

"அப்புறம்?"

"இடிச்சாரு. மறுபடி போட்டாரு. அப்பவும் வந்துச்சு. முந்தி மாதிரி இல்லை, கொஞ்சம் கூச்சத்தோட வந்துச்சு. மறுபடி இடிச்சாரு."

"காசு?"

"கேட்டா குடுத்திருவேனா?"

அக்கா பேச்சை நம்புகிறவள் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்பின் தெரியாதவர் குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவோரமாக ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள். மூவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு வாசல் பக்கம் திரும்பியும் பார்க்காமல் உள்மூலைக்கு நடந்துபோய் வடிகால் சல்லடைக்குள் இறங்கியது.

"அந்த நாலு கல்லு மட்டும் வேற நிறம், பாத்தீங்களா?" என்றார் தையற்காரம்மா. "மூணாந்தடவை போடறப்ப அதே கல்லு கடையில இல்லையாம். தினமும் காலையில அதைப் பாத்து இவரைத் திட்டிட்டுத்தான் பல் தேய்க்கிறேன்."

"திட்டுங்கம்மா" என்றார் தலைசொறியார்.

"இவரைத் திரும்பக் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"கூப்பிட்டாச்சே. அடுத்த மாசம் சமையலறை. வேற எவனைத் தேடறது? திட்டினா ஓடிப்போயிடறானுங்க."

5

இங்கேதான் எனக்குத் தடுமாற்றம். நல்லவர் ஒருவர் வந்துவிட்டால் கதைக்குக் காலொடிந்துவிடும். ஆகவே ஓர் அத்தியாயம் எழுதினேன்.

முன்பணத்தை வாங்கிய மறுநாள் தலைசொறியாரின் தொலைபேசி அணைந்திருந்தது. இடித்துப் போட்ட குளியலறையின் நடுவே அக்கா

அக்கா படித்துப் பார்த்தாள். "ஓடிப்போன காண்ட்ராக்டரைப் பத்தி ஊர்ல எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். அதைச் சொல்ல நீ எதுக்கு? அந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணினாரு?"

"நம்ப மாட்டாங்கக்கா. ரொம்ப நல்லவரா இருக்காரு."

"மூணு தடவை தரை போட்டவரு எப்படிடா ரொம்ப நல்லவரு? சுமாரான ஆளு. திரும்பி வர ஆளு. அவ்வளவுதான்."

சுமாரான ஆள், திரும்பி வருகிற ஆள். இதைவிட நல்ல வரி என்னிடம் இல்லை. அத்தியாயத்தை இடித்தாயிற்று, கல் கிடக்கட்டும், நீங்களும் பார்க்க வேண்டியதுதானே.

6

விலை பேசும் நாள் வந்தது. அக்கா தயாராக இருந்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் ஒரு களை.

"மூணு எண்பது" என்றார் தலைசொறியார்.

"மூணு நாப்பது."

"இல்லீங்க. எண்பதுதான்."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். மூணு அறுபது."

"குறைச்சா எதுலயாவது கை வைக்கணும். தரைக்கு அடியில போடற பூச்சுல வெக்கலாம். நீங்க பாக்க மாட்டீங்க, தண்ணி பாத்துரும்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபம் என்றால் எங்கள் பரம்பரைக் கோபம், பேரத்துக்கென்றே வைத்திருப்பது. கைப்பையை எடுத்தாள். "அப்ப சரிப்படாது" என்று எழுந்தாள். விறுவிறுவென்று வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

எங்கள் வம்சத்தில் யாரும் மூன்றாவது கடைக்குமேல் நடந்ததில்லை. அதற்குள் கடைக்காரன் "அம்மா, வாங்க, கோவிச்சுக்காதீங்க" என்று கூப்பிட்டுவிடுவான். கணக்கு அப்படி. ஆனால் இது கடை இல்லை. அக்காவின் வீடு. அக்காவின் சோபாவில் தலைசொறியார் உட்கார்ந்திருக்கிறார். அக்கா தெருவில் நிற்கிறாள், கையில் பையோடு, காலில் வீட்டுக்குள் போடும் செருப்போடு.

யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு இந்த வழக்கம் தெரியாது. டீயைக் குடித்து முடித்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வாயைத் திறக்க உத்தரவில்லை.

கடைசியில் எழுந்து வாசலுக்குப் போனார். "ஏங்க, இது உங்க வீடுங்க. கோவம்னா நான்தான் போகணும்."

அக்கா எதிர்வீட்டுப் பூந்தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தோள் குலுங்கியது. சிரிப்பு. மாமா விழுந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் கேட்ட முதல் சிரிப்பு. (இங்கே ஒரு பறவை பறந்ததாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். பறக்கவில்லை.)

"மூணு எண்பது" என்றாள் உள்ளே வந்து. "ஆனா கடைசித் தவணை அம்பதாயிரம், அவரு தனியா குளிச்சிட்டு வெளிய வந்தப்புறம்தான்."

தலைசொறியார் தலையில் கை வைத்தார். "சரிங்க."

"இன்னொண்ணு. தாழ்ப்பாள். உள்ள விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"வெளியில இருந்து ஒரு காசை வெச்சுத் திருப்பினா தெறக்கிற மாதிரி இருக்கு."

"அதையே போடுங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

அன்று அவர் சொறிந்ததுதான் நீளமான சொறிதல். "அவருக்குத் தெரியாம போட மாட்டேங்க. தெரியாதவரைக்கும் சரி. தெரிஞ்சா அப்புறம் எந்தக் கதவைச் சாத்தினாலும் அவருக்குச் சாத்தின மாதிரி இருக்காது. நீங்களே சொல்லிடுங்க."

ஆளை எடைபோட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று தானே தராசுத் தட்டில் உட்கார்ந்திருந்தாள்.

7

அக்கா போன் செய்தாள். சொன்னாள். தாழ்ப்பாள், காசு, எல்லாவற்றையும்.

"காசு யார்கிட்ட இருக்கும்?" என்றார் மாமா.

"என்கிட்டதான்."

"உன் கையில சில்லறை தங்கினதா சரித்திரமே இல்லையே. சரி. தண்ணி சத்தம் நின்னுச்சுன்னா, அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் பொறுப்பே?"

"ரெண்டு நிமிஷம்."

"துண்டை எடுக்கவே அவ்வளவு ஆகுமேம்மா. அரை மணி."

"அரை மணியா? அஞ்சு."

"இருபது. ஒரு கையாலதானே எல்லாம் பண்ணணும்."

"பத்து. இதுக்கு மேல கேக்காதீங்க, எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும்."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. வாழ்நாளில் யாருக்கும் கால் பணம் விட்டுக்கொடுக்காத அக்கா, "சரி, பதினஞ்சு" என்றாள். அவள் தானாக ஏற்றிக் கொடுத்த ஒரே விலை அது.

8

வேலை முடிந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று. மாமா வந்தார். ஹாலில் தலைசொறியார், கடைசித் தவணைக்காக. மாமா வாக்கரைத் தள்ளிக்கொண்டு புதுக் கதவுக்குள் நுழைந்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

கதவுக்கு வெளியே அக்கா. கையில் ஒரு நாணயம். எதிர்ச்சுவரில் கடிகாரம்.

முடிவு (அ): ஐந்தாவது நிமிடமே அக்கா நாணயத்தை வைத்துத் திரு

முடிவு (ஆ): பதினைந்தும் போயிற்று, பதினாறாவதில்

முடிவு (இ): தலைசொறியார் அவள் கையைப் பார்த்து, "அம்மா, இன்னும் நேரம் இருக்கு" என்

மூன்றையும் நிறுத்திவிட்டேன். நான் அங்கே இல்லை; "பால் வாங்கிட்டு வா" என்று அக்கா என்னைத் தெருவுக்கு அனுப்பியிருந்தாள். பயப்பட வேண்டாம், மாமா நன்றாக இருக்கிறார். நேற்று இந்தப் பக்கங்களைப் படித்து, ஒற்றுப்பிழை பார்த்துத் தந்தார். கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டேன். "கதவு சாத்தியிருந்துச்சு" என்றார்.

அக்காவைக் கேட்டேன். "அவரு தனியா இருக்கணும்னுதானேடா அவ்வளவு செலவு பண்ணினோம்? இப்ப நீ ஊரையே கூட்டிட்டு வந்து எட்டிப்பாக்க வெக்கறியா?" என்றாள். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. கணக்கை மட்டும் ஒப்படைக்கிறேன்.

தலைசொறியார் கணக்கு: பேசியது மூன்று லட்சத்து எண்பதாயிரம். முன்பணம் ஒரு லட்சம். தரை முடிந்ததும் ஒன்றரை லட்சம். கதவு மாட்டியதும் எண்பதாயிரம். கடைசித் தவணை ஐம்பதாயிரம், அன்றே கொடுத்தாயிற்று. பாக்கி இல்லை.

மாமா கணக்கு: அக்கா கொடுப்பதாகப் பேசியது பதினைந்து நிமிடம். கொடுத்தது: . . . . . . (படிக்கிறவர் நிரப்பிக்கொள்ளவும்.)