பாட்டில் ஏற்றாத டாக்டர்

குளுக்கோஸ் பாட்டில் தொங்காத கட்டிலில் கிடப்பவர் நோயாளியே அல்ல என்பது பனியன் கம்பெனி முதலாளி லிங்கசாமியின் கட்சி. மாமியாருக்கு இடுப்பு வலியென்றால் ஒரு பாட்டில், மச்சானுக்குக் காய்ச்சலென்றால் இரண்டு. எழுபதுகளில் திருப்பூரின் காசுள்ள வீடுகளில் அதுதான் நாகரிகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருடைய ஐந்து வயது மகள் சுப்புலட்சுமியை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் மயிலாள் தொட்டுப் பார்த்தாள். நாடி எண்ண முடியாத ஓட்டம். ஈரல் வீங்கிக் கைக்குத் தட்டியது.

"போன வாரம் காய்ச்சல், சளி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க," என்றாள் தாய் நஞ்சம்மாள்.

"அந்தக் கிருமி இதயத்தோட சதையப் புடிச்சிருக்கு. ரத்தத்தைத் தள்ள முடியாமத் திணறுது."

ஆக்சிஜன் வைத்தாள். தலைமாட்டை உயர்த்தினாள். உடம்பில் தேங்கிய நீர் பிரிய ஊசி போட்டாள். இதய மருந்தை வழக்கத்தைவிடக் குறைத்தே எழுதினாள்; வீங்கிய இதயம் அதற்குமேல் தாங்காது.

"கிருமிக்கு என்ன மருந்துங்க?" என்றார் லிங்கசாமி.

"கிடையாது. அசையாமப் படுத்திருக்கணும். மாசக்கணக்குல."

"படுக்கறதுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி? எங்கூட்டுல தேக்குக் கட்டிலே கெடக்குதுங்களே!" சிரித்தார். கூட வந்த மேனேஜரும் வாங்குகிற சம்பளத்துக்குச் சிரித்தான்.

"காலு சில்லுன்னு கெடக்குது, தண்ணி வத்திப்போச்சு. ஒரு பாட்டில் போடுங்க கண்ணு," என்றார் லிங்கசாமியே தொடர்ந்து. "நம்ம அய்யாசாமி மவதானுங்களே நீங்க? உங்கப்பன் இன்னும் எங்கிட்டத்தான் துணி மடிக்கறான்."

வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. மரியாதையில் குறைவில்லை, மதிப்பில்தான்.

"ஆமாங்க. வைத்தியமும் அவர்கிட்டயே கேளுங்க. உங்களவிட நல்லாச் சொல்லுவாரு."

முதலாளியின் முகம் கறுத்தது. "காலையில ஒரு டாக்டரு பாட்டில் போட்டாரு. ஆம்பள, விவரமானவரு. அங்கயே கொண்டுபோறேன்."

மயிலாள் நிமிர்ந்தாள். "காலையிலயே ஏத்தியாச்சா?" தாயிடம் திரும்பினாள். "அதுக்கு முன்னால மூச்சு எப்படி இருந்துச்சு?"

"சும்மா சோந்து கெடந்தாளுங்க. பாட்டில் பாதி எறங்கறப்பத்தான் இழுக்க ஆரம்பிச்சது. சொன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னாங்க."

"திணறுற இதயத்துக்கு மேல தண்ணிய ஊத்துனா அது நுரையீரல்லதான் போய் நிக்கும். இன்னொரு பாட்டில் ஏத்துனா புள்ள தங்காது."

"காரை எடுப்பா," என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு லிங்கசாமி குழந்தையைத் தூக்கக் குனிந்தார். நஞ்சம்மாள் கட்டிலில் ஏறிக் குறுக்கே உட்கார்ந்தாள்.

"எந்திரி."

"மாட்டேனுங்க."

கல்யாணமான பதினோரு வருஷத்தில் இந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்ததில்லை. எதிர்த்துப் பேசும் கூலியாளை நிறுத்திவிடத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்த பெண்டாட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை. மேனேஜர் எதிரில் இழுத்துப்போடவும் கௌரவம் விடவில்லை. நின்றார்.

அரை மணி நேரத்தில் ஊசி வேலை செய்தது. படுக்கையும் நஞ்சம்மாள் சேலையும் குழந்தையின் சிறுநீரில் நனைந்தன.

"சீ, அசிங்கம்! எறங்கு!"

மயிலாள் அவரை விலக்கிக்கொண்டு குழந்தையின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டாள். இரைச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. கொஞ்சம்தான்.

"நல்ல சேதிதானுங்க. ஆனா இன்னும் கண்டம் தாண்டல. இன்னும் நீர் போகணும், நிறையப் போகணும்."

நஞ்சம்மாள் புருஷன் பக்கம் திரும்பவில்லை. "பழைய துணி பத்து, மாத்துச் சீலை ஒண்ணு எடுத்துட்டு வாங்க. மேனேஜரை அனுப்பாதீங்க. நீங்களே போங்க."