மந்திரவாதி சொன்ன கடைசிச் சொல்

அப்போது ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கட்டிலில் கிடந்த தம்பி, அவன் கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி, சன்னல் ஓர நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த அண்ணனாகிய வக்கீல், வக்கீலின் தங்கை, தங்கையின் கணவரான மாப்பிள்ளை, சலைன் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ். தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களையும் சேர்த்தால் அந்த அறை ஒரு சினிமாக் கொட்டகை அளவுக்கு இருந்திருக்க வேண்டும்.

இடது கை முடிந்துவிட்டது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முடிந்திருந்தன. அப்போது தம்பி கண்ணைத் திறந்தான். வெகுநேரம் மூடியே கிடந்த கண். மனைவியின் முகத்தை நன்றாகப் பார்த்தான். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னான்.

"மிராண்டா."

அவள் கை நின்றது. நகவெட்டியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மற்றக் கையால் அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். அவனும் வேறு எதுவும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிவதற்கு முன்பே மாப்பிள்ளை வராந்தாவுக்குப் போய்விட்டிருந்தார். அவர் நல்ல மனிதர். ஆனால் எந்தச் செய்தியும் அவர் வாயில் ஐந்து நிமிடம் தங்காது.

மறுநாள் காலை, வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளைப் போட்டு முடிப்பதற்குள் மிராண்டாவுக்கு உருவமே வந்துவிட்டது. அவள் வெளிநாட்டுக்காரி என்றார்கள். புத்தகக் கண்காட்சியில் பழக்கம் என்றார்கள். அந்தப் பேர் மாதிரியே கடையில் குடிக்கிற ஆரஞ்சுக் கலர் ஒன்று விற்கிறது. கடைசி ஆசையாக அவன் அதைத்தான் கேட்டான், வக்கீல் வாங்கிக் கொடுக்கவில்லை என்றும் ஒரு கட்சி இருந்தது. வக்கீலுக்கு இந்தக் கட்சியின் மேல் கோபம் வரவில்லை. கலர் கேட்டுச் செத்தால் குடும்பத்துக்கு ஒன்றும் குறைவில்லை. பெண் பெயரைச் சொல்லிச் செத்தால் அது வேறு.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் கூடத்துக் கட்டிலில் கிடத்தியிருந்த தம்பியின் தலைமாட்டில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, பிறகு தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் துக்கத்தைவிட விசாரணைதான் அதிகம். அவள் அழவில்லை. வலது கையை இறுக மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழாததற்கும் வாசலில் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள்.

தங்கை அண்ணனைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க ஏதாவது சொல்லுங்க. அவளப் பாக்கவே முடியல. குத்தவாளி மாதிரி உக்கார வச்சிருக்காங்க."

"என்னன்னு சொல்றது? எனக்குத் தெரிஞ்சாத்தானே."

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஆயுள் முழுக்கக் கோர்ட்டில் நிமிர்ந்து நின்றவர். அவர் தம்பி மந்திரவாதிக் கதை எழுதினான். பறக்கும் கோட்டை, பேசும் வாள், கதவைத் திறக்கும் மந்திரம். படித்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். உறவில் அவனுக்கு 'மந்திரவாதி' என்றே பேர் நின்றுவிட்டது. வக்கீல் ஒரு புத்தகத்தைக்கூடப் பிரித்ததில்லை. ஆனால் தம்பி தன் மந்திரங்களை லத்தீனில்தான் எழுதுவான், அதற்காக அந்த மொழியைத் தனியாக உட்கார்ந்து படித்தான் என்பது தெரியும். அதைக் குறித்து மட்டும் வெளியில் காட்டாத ஒரு பெருமை அவருக்கு இருந்தது. ஏமாற்றுகிறவன் என்றால் வாய்க்கு வந்ததை உளறியிருக்கலாமே. இவன் இலக்கணம் பார்த்தான்.

மயானத்துக்குப் போக வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வக்கீல் மச்சான், வண்டி ரெடி. அடுத்து அஜெண்டா என்ன?"

'அஜெண்டா' என்ற சொல் வக்கீலின் காதுக்குள் தங்கிவிட்டது.

எப்போதோ ஒரு சாயங்காலம், வக்கீல் சங்கக் கூட்டத்துக்காக அவர் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளைத் தம்பி எடுத்துப் பார்த்தான். 'அஜெண்டா' என்ற தலைப்பைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணா, இந்த 'ண்டா'வ லேசா நினைக்காதீங்க. லத்தீன்ல அஜெண்டான்னா செய்யப்பட வேண்டியவை. மெமொராண்டான்னா நினைவுல வைக்கப்பட வேண்டியவை. நாம 'போற்றத்தக்க'ன்னு சொல்றோம்ல, அந்த 'தக்க'தான் இது."

அதோடு நிறுத்தவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினான். மார்ச்சில் ஒரு போர்க்கடவுள் நிற்கிறான், ஜூலையில் ஒரு படைத்தலைவன், ஆகஸ்டில் ஒரு பேரரசனின் பட்டம். ரோமானியர்களின் கோட்டையெல்லாம் இடிந்து மண்ணாகிவிட்டது, இவர்கள் மட்டும் நம் வீட்டு ஆணியில் தொங்குகிறார்கள் என்றான். மிரக்கிள் என்பதும் அட்மயர் என்பதும் முகம் பார்க்கும் மிரரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், மூன்றுக்கும் தாய் 'வியப்பது' என்றான். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினான்.

"உன் மந்திரவாதிக்கு இலக்கணம் எதுக்குடா?" என்று வக்கீல் கேட்டார்.

"விகுதி தப்பினா கதவு திறக்காதுண்ணா. உங்க கோர்ட்டும் அப்படித்தானே? 'ஹேபியஸ் கார்பஸ்'னு ரெண்டு லத்தீன் வார்த்தைய சரியாச் சொன்னா ஜெயில் கதவு திறக்குது. நீங்க கறுப்பு அங்கி போட்டுக்கிட்டு சொல்றீங்க, என் ஆளு நீல அங்கி போட்டுக்கிட்டு சொல்றான். அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்போது வக்கீல் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். அவன் போன பிறகு தனியாகச் சிரித்தார்.

இப்போது கூடத்தின் நடுவில், வண்டிக்காரர் காத்திருக்க, அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. மிரக்கிள். அட்மயர். மிரா. அப்புறம் அந்த 'ண்டா'.

அவர் நேரே சுவரோரம் போனார். தம்பி மனைவி எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, யாருக்காகவும் தரையில் உட்காராத அந்த மனிதர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, அது பேர் இல்லையே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வியக்கத்தக்கவள்," என்றார் வக்கீல். "அப்படித்தானே வருது?"

"ஆமா மாமா."

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அந்தக் கடைக்கு அவன் கண்ணைச் சோதிக்க வந்ததுதான் பழக்கத்தின் தொடக்கம். "மொத நாள் நான் கண்ணாடிய மாட்டிவிட்டதும் போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சார். அப்புறம் திரும்பி என்னைப் பாத்து அதைச் சொன்னார். அன்னையிலேர்ந்து அதுதான். நான் ஃபியூஸ் போட்டாலும் சொல்வார், பஸ்ல சீட் பிடிச்சாலும் சொல்வார்."

"இத வாசல்ல சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமேம்மா. ஏன் சொல்லல?"

அவள் குனிந்துகொண்டாள். "என்னைப் பத்தி நானே எப்படி மாமா சொல்றது?"

வக்கீல் அவள் மூடிய கையைப் பார்த்து, அதில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அவள் கையை விரித்தாள். நகவெட்டி. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது.

"மூணு விரல் பாக்கி மாமா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். கோர்ட்டில் நிற்கிற மாதிரி நின்றார். பேச்சு தானாக அடங்கியது.

"மிராண்டா யாருன்னு ரொம்பப் பேர் கேக்கறீங்களாம். என் தம்பி பொண்டாட்டிதான்."

மாப்பிள்ளை குழம்பினார். "அவங்க பேர் அது இல்லையே மச்சான்?"

"பேர் இல்ல மாப்பிள்ளை. பட்டம்."

பிறகு வண்டிக்காரரிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கூடத்து விளக்கைத் தானே போட்டார். தம்பி மனைவி கட்டில் அருகே உட்கார்ந்து அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வருவதற்காகத்தான் வக்கீல் அன்று வண்டியை நிறுத்தி வைத்தார் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. யாரும் வருவதாக இருக்கவில்லை. வெட்ட வேண்டிய நகங்கள் மூன்று பாக்கி இருந்தன.