செம்பருந்து நடந்த கதை

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை கூடி, செம்பருந்து கதைகளிலேயே படு மோசமானது எது என்று கை தூக்கி முடிவு செய்வோம். பிறகு அந்தக் கதையை ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கொரு பக்கத்தில் வடையை வைத்துத் தின்போம். எண்ணெய் ஊறி வில்லனும் கதாநாயகனும் ஒன்றாக மினுங்குவார்கள். இதற்கு வடைத்தாள் என்று பெயர். போன வருடம் வடைத்தாள் ஆனது செவ்வாய்க் கிரகக் கதை. சொட்டுத் தண்ணீர் இல்லாத கிரகத்தில் செம்பருந்து ஓர் ஆக்டோபஸோடு கட்டிப் புரளுவான். அதற்கு வடைதான் சரியான மரியாதை. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

செம்பருந்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாற்பது வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு சின்ன அச்சகம் மாதாமாதம் போட்ட சித்திரக்கதை அது. பகலில் மில்லில் ஃபிட்டர் வேலை பார்ப்பவன், ஆபத்து என்றால் முகமூடி மாட்டி, செம்பு இறக்கை விரித்து, முழங்கால் வரை பூட்ஸோடு வானத்தில் கிளம்பிவிடுவான். அச்சகம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. நாங்கள்தான் அவனை விடவில்லை. நான் பாண்டிமீனா, நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இந்த வயதில் பொம்மைப் புத்தகமா என்று ஆபீஸில் கேட்பார்கள். ஆமாம், பொம்மைப் புத்தகம்தான் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இந்த வருடக் கூட்டம் மற்ற வருடங்களைப் போல் விளையாட்டு இல்லை. அச்சகத்துக்காரரின் பேரன் சூரியபிரகாஷ், செம்பருந்து கதைகளைத் திரட்டிக் கெட்டி அட்டையில் ஒரே தொகுதியாகக் கொண்டுவரப் போகிறார். வட்டம் எதை மோசம் என்று ஒதுக்குகிறதோ, அது தொகுதியில் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அச்சகத்தில் பழைய படங்கள் எதுவும் மிஞ்சவில்லை. எங்களிடம் இருக்கும் பிரதிகளை வைத்துத்தான் புத்தகமே. அதில் கிழியாமல் கறைபடாமல் இருப்பவை பெரும்பாலும் என்னுடையவை. அவற்றை ஒரு துணிப்பையில் போட்டு, ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்துக் கொண்டுபோனேன்.

கூட்டம் தல்லாகுளத்தில், ஒரு டுடோரியல் சென்டரின் மாடி ஹாலில். கீழே நல்லகாமன் அண்ணனின் ஜெராக்ஸ் கடை. வட்டத்தை ஆரம்பித்தவரே அவர்தான். ஹாலுக்குப் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். செருப்பை வாசலிலேயே விடவும் என்று கதவில் ஒட்டியிருந்தது. எல்லோரும் விட்டோம்.

சிறந்த கதை எது என்பதில் பெரிய தகராறு இல்லை. 'வைரக்கோட்டை வேட்டை' என்று ஹாலே கத்தியது. மோசமான கதைக்கு வந்தபோது சித்தார்த் எழுந்தான். பசுமலையில் கல்லூரியில் படிக்கிற பையன். பிறப்பதற்கு முன்பே நின்றுபோன காமிக்ஸுக்கு ரசிகனாக இருக்கிறான் என்பதற்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

"என் ஓட்டு 'நடந்து வந்த செம்பருந்து'. வில்லன் இல்ல, சண்டை இல்ல. முப்பத்திரண்டு பக்கத்துல பாதி, ரெண்டு பேரு ஒரு தெருவுல நடக்குறாங்க. அம்புட்டுதான்" என்றான்.

ஹால் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

கதை இதுதான். வெள்ளத்தில் தத்தளிக்கும் சோணை என்ற கூலிக்காரரைச் செம்பருந்து காப்பாற்றி, கரையில் இறக்குகிறான். வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறான். அவர் ஈரச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். மேலத்தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்புப் போடக் கூடாது என்கிறார். தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறேன் என்கிறான் செம்பருந்து. அதற்கு அவர் ஒன்று சொல்வார். அதைக் கேட்டு அவன் இறக்கையை மடக்கிக்கொண்டு, அவரோடு சேர்ந்து நடப்பான். கடைசிப் பக்கத்தில் சோணையின் காலில் செருப்பு இருக்கும்.

நான் எழுந்தேன். "இத மோசம்னு எப்படிச் சொல்றீக?"

நல்லகாமன் அண்ணன் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கையைக் காட்டினார். நல்ல மனிதர். என் கல்யாணத்துக்குச் செம்பருந்து படம் போட்டு வாழ்த்து அட்டை அடித்துக் கொடுத்தவர்.

"தங்கச்சி, நான் ஒண்ணு கேக்குறேன். பறக்கத் தெரிஞ்சவன் எதுக்கு நடக்கணும்?"

மறுபடியும் சிரிப்பு. கைதட்டல் வேறு.

"புத்தகத்துலயே இருக்குண்ணே. சோணை சொல்லுவாரு. 'நீங்க பறந்துருவீக. நாளைக்கு நான் எப்படிப் போறது?'ன்னு. அதுக்குத்தான் நடந்தான்."

"சரித்தா. ஆனா ஊரு விவகாரத்த எல்லாம் செம்பருந்துக்குள்ள கொண்டாந்துட்டானுகளேன்னுதான் சொல்றேன். நம்ம இங்க வாரதே அதையெல்லாம் மறக்கத்தான்."

மறக்க. அந்தச் சொல்லில்தான் எனக்குப் பொறுமை போனது.

"உங்களுக்கு மறக்க முடியுதுண்ணே. எனக்குச் சைக்கிள் இருந்துச்சு. எங்க ஊருல பஸ் நிக்கிற எடத்துக்குப் போகணும்னா மேலத்தெரு வழியாத்தான் போகணும். ஏறிப் போகக் கூடாது, எறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போகணும். ஏழாவது படிக்கும்போது இந்தக் கதைய ஒரு பழைய பேப்பர் கடையில எடுத்தேன். ராத்திரி படிச்சேன். காலையில எறங்கல. பாதித் தெருவுல ஹேண்டில்பாரப் பிடிச்சு நிறுத்தி, பெல்லப் பிடுங்கி வீசுனாக. மறுநாளும் ஏறித்தான் போனேன். பெல் இல்லேல்ல, அதனால தெரு முழுக்க வாயாலயே டிரிங் டிரிங்குன்னு கத்திக்கிட்டே போனேன்."

யாரும் சிரிக்கவில்லை. சித்தார்த் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, கஷ்டமா இருக்கு. ஆனா அது உங்க கதை. உங்களுக்கு அப்படி நடந்ததால இந்தக் கதை நல்ல கதை ஆயிருமா?"

பையன் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பையிலிருந்து என் பிரதியை எடுத்து மேசையில் விரித்தேன்.

"சரி, என்னைய விடு. படத்தப் பாரு. எல்லாக் கதையிலயும் செம்பருந்த எங்கருந்து வரையிறாங்க? கீழருந்து. நம்ம அண்ணாந்து பாக்குற மாதிரி. இதுல எங்கருந்து வரைஞ்சிருக்கான்? சோணையோட தோள் உசரத்துல இருந்து. வில்லன் இல்லேங்கிற. இந்தப் பக்கத்தப் பாரு. வரிசையா வாசப்படி. ஒவ்வொரு படியிலயும் ஒரு ஜோடிக் காலு. ஒருத்தருக்கும் மூஞ்சி வரையல. அடிக்கணும்னா யார அடிப்ப? அம்புட்டு பலம் இருக்கவன் இந்த ஒரு தெருவுலதான் கைய என்ன செய்யிறதுன்னு தெரியாம நிக்கிறான். ஆக்டோபஸ் பயமா, இது பயமா?"

சித்தார்த் குனிந்து பார்த்தான். அந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே ஒரு வசனம்தான். ஏதோ ஒரு வாசற்படியிலிருந்து வருகிறது. 'சோணை... செருப்பு.' அதட்டல்கூட இல்லை. மறந்துவிட்டவனுக்கு ஞாபகப்படுத்துகிற குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பாதி நாள் அப்படித்தான் சொல்வார்கள், மிகவும் தன்மையாக.

"வரைஞ்சது நல்லாருக்குக்கா, ஒத்துக்கிறேன். ஆனா செம்பருந்துக் கதையா இது?" என்றான் நிமிர்ந்து.

ஓட்டு எடுத்தார்கள். என் பேச்சைக் கேட்டு இரண்டு மூன்று கைகள் தயங்கியதைப் பார்த்தேன். தயங்கிவிட்டு மேலே போயின. நல்லகாமன் அண்ணன் என்னைப் பார்க்காமல் கை தூக்கினார். தோற்றேன். தோற்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் செம்பருந்து ரசிகர்களிடமே தோற்பேன் என்று நினைத்ததில்லை.

அண்ணனிடம் அட்டை போன பிரதி ஒன்று இருந்தது. கீழே கடையில் ஜெராக்ஸ் ஓடி, தாள்கள் சூடாகவே மேலே வந்தன. உளுந்த வடையும் வந்தது. என் முன்னால் வைத்த தாளில் சோணை வீட்டு வாசலில் நிற்கிறார், காலில் செருப்போடு. வடை சரியாக அவர் முகத்தின் மேல் இருந்தது.

அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் தாளில் வாசற்படிகள்.

"எங்க ஊருலயும் இப்படி ஒரு தெரு இருக்கு தங்கச்சி. எங்க வீடு அதுலதான்."

"தெரியும்ணே. நீங்க சொன்னதில்ல. ஆனா தெரியும்."

"சின்னதுல இதப் படிச்சப்ப, மூணாவது படியில இருக்க காலு எங்க அப்பா காலு மாதிரியே இருந்துச்சு. புத்தகத்தத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். மத்த கதையில எல்லாம் நான்தான் செம்பருந்து. இதுல எனக்குக் குடுத்த எடம் அந்தப் படி." வடையைப் பிட்டவர் வாயில் போடவில்லை. "எனக்கு இது மோசமான கதைதாம்மா. ஓட்ட மாத்த மாட்டேன்."

அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேலேயே கோபமும் வந்தது. அவருக்கு ஒரு மாதிரி இருந்ததற்காக, சோணை புத்தகத்தை விட்டு வெளியே போக வேண்டுமா? வழி மறிப்பதற்கு இந்தத் தடவை வருத்தம் ஒரு காரணம், அவ்வளவுதான். நான் வடையைத் தொடாமல் எழுந்து, வாசலுக்குப் போய், செருப்பை மாட்டி, படியில் பாதி இறங்கிவிட்டேன். அங்கே நின்றபோதுதான் பை ஞாபகம் வந்தது. என் செம்பருந்துகள் எல்லாம் மேலே மேசையில் கிடந்தன.

திரும்பி ஏறினேன். இருந்த கோபத்தில் செருப்பைக் கழற்றத் தோன்றவில்லை. புது டைல்ஸில் சத்தம் நன்றாகக் கேட்டது. மேசை ஹாலின் அந்தக் கோடியில் இருந்தது. இரண்டு பக்கமும் தாளும் வடையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார்கள்.

"அக்கா... செருப்பு" என்றான் சித்தார்த்.

தன்மையாகத்தான் சொன்னான். வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவன் கண் தானாகக் கையிலிருந்த தாளுக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அக்கா, டைல்ஸ்னு..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் நிறுத்தினான்.

அந்த நிமிடம் வரை என் காலில் செருப்பு இருந்தது மறதியால். அதற்குப் பிறகு மறதியால் இல்லை.

மேசை வரை நடந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விரித்து வைத்திருந்த 'நடந்து வந்த செம்பருந்து' பிரதியை மட்டும் எடுத்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சூரியபிரகாஷின் முன்னால் வைத்தேன்.

"வடைக்கு நீங்க எத வேணா வச்சுக்கோங்க. புத்தகத்துக்கு என் பிரதிக வேணும்னா, இதுல இருந்து ஆரம்பிங்க. இது இல்லேன்னா வைரக்கோட்டையும் இல்ல."

"ஓட்டெடுத்தாச்சேக்கா" என்றார் அவர், பாவமாக.

"எடுத்தீக. எங்க ஊருலயும் எல்லாரும் சேந்துதான் முடிவு பண்ணியிருந்தாக, சைக்கிள்ல ஏறக் கூடாதுன்னு."

நல்லகாமன் அண்ணன் தன் தாளிலிருந்து வடையை எடுத்துப் பக்கத்துத் தட்டில் வைத்தார். எண்ணெயை வேட்டி நுனியால் ஒற்றினார். அந்தப் படிகளைப் பார்த்தபடியே சொன்னார்.

"சூர்யா, போட்டுருப்பா. மோசமான கதைன்னு எம்பேரப் போட்டே ஒரு வரி எழுதிக்க. ஆனா போடு."

சூரியபிரகாஷ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் நன்றி சொல்லவில்லை. தெருவில் நடப்பதற்கு யாருக்கும் நன்றி சொல்லக் கூடாது என்பது ஏழாம் வகுப்பிலேயே நான் எடுத்த முடிவு. தோளிலிருந்த பையை இறக்கி, மற்ற பிரதிகளையும் அவர் முன்னால் அடுக்கினேன்.

திரும்பினேன். கதவு தூரத்தில் இருந்தது. ஓரமாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் நடு ஹாலில், இரண்டு வரிசைக்கும் நடுவில், ஒவ்வொரு அடியும் கேட்கும்படி மெதுவாகப் போனேன். எனக்குப் பறக்கத் தெரிந்திருந்தாலும் அன்றைக்கு நடந்துதான் போயிருப்பேன்.