31.4-இல் இடது

வழிச்சீட்டை நம்பி 31.4 கிலோமீட்டரில் இடதுபுறம் திரும்பியவர்கள் எல்லோரும் கோட்டைச் சுவருக்குள் புகுந்து, சைக்கிளோடு மறுபுறம் வந்து சேர்ந்தார்கள். முதல் ஆண்டில் அப்படிப் போனவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். சுவரின் கனம் ஏழடி. அதில் வாசல் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. போய் வந்தவர்களில் ஒருவரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அவர்கள் சுவரைப் பார்க்கவே இல்லை. சீட்டில் சாலை இருந்தது, எதிரிலும் இருந்தது, திரும்பினார்கள்.

சீட்டை எழுதியவரைத் தொழிலில் எல்லோரும் தசமம் என்றார்கள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்குச் சைக்கிள் கொடுத்து, கோட்டைகளையும் ஏரிக்கரைகளையும் குன்றுச் சரிவுகளையும் சுற்றிவரச் செய்யும் நிறுவனத்தில் அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக வழி எழுதினார். ஒரு வழிக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு வரியிலும் தூரம், திசை, ஓர் அடையாளம். ஹேண்டிலில் செருகிக்கொண்டு, சக்கரத்தில் பொருத்திய மீட்டரைப் பார்த்தபடியே போகலாம், யாரிடமும் வழி கேட்க வேண்டாம். அதுவரை நாற்பத்தாறு வழிகள் எழுதியிருந்தார். ஒன்றிலும் பிழை இல்லை. வீட்டிலும் அப்படித்தான். சோற்றுக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால்கூடப் புள்ளி வைத்துத்தான் சொல்வார் என்று, அதே நிறுவனத்தில் சைக்கிள் பழுதுபார்த்த அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

கோட்டை வழியை அளக்கப் போன அன்று பதினோராவது கிலோமீட்டரில் டயர் கிழிந்தது. பையிலிருந்த மெல்லிய டயரை மாட்டிக்கொண்டு தொடர்ந்தார். டயர் மாறினால் மீட்டரில் சக்கரத்தின் சுற்றளவையும் மாற்ற வேண்டும். மறந்துவிட்டார். சக்கரம் சிறுத்ததால் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டியது. இடதுபுறச் சாலை உண்மையில் 31.0-இல் பிரிகிறது, அவர் 31.4 என்று எழுதினார். 31.0-க்கு வந்தவர்கள் சீட்டில் இல்லாத சாலையென்று அதைக் கடந்தார்கள். நானூறு மீட்டர் தள்ளி, சுவர் இருந்த இடத்தில், திரும்பினார்கள்.

தொல்பொருள் துறையிலிருந்து கடிதம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பழங்காலச் சுவரின்மேல் சைக்கிள் விடுவது குற்றம், டயர் தடங்கள் சுவர்வரை வந்து அதற்கு அடியில் முடிகின்றன, விளக்கம் தருக என்று எழுதியிருந்தார்கள். முதலாளியம்மா கடிதத்தை அவர்முன் வைத்தார். “ஒரு கல்லு பேந்தாலும் நம்ம தலையிலதான் விடியும். அடுத்த மாசம் புதுச் சீட்டு அச்சுக்குப் போகுது, சரிபண்ணிடுங்க. பழையதக் கிழிச்சுப் போட்டுடலாம்.” அவர் போய்ப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டு, டயரைக் கண்டுபிடித்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் பிழை என்பதால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், பணி ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். முப்பது வருஷம் வேலைக்காக மிதித்துவிட்டு இப்போது காசு கொடுத்து மிதிப்பதை அவரே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டறை வாசலில் நின்ற தசமம், மனசு கேளாமல், அந்தச் சுவரிடம் சிரமமாக இருந்ததா என்று கேட்டார்.

“எந்தச் சுவரு? நல்ல வீதியால்ல இருந்துச்சு. ஒரு வீட்டுக்கும் கதவிலக்கம் இல்ல, அதான் குறை. எப்படித்தான் கடுதாசி போடுவாங்களோ.” மீட்டர் அந்த வீதி முழுக்க 31.4-லேயே நின்றது என்றும், செயின் சத்தம் கேட்கவில்லை என்றும், அதனால் வண்டியைக் கொஞ்சம் பாருங்கள் என்றும் சொன்னார். வாசல்தோறும் ஆட்கள் உட்கார்ந்து வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்களாம். பார்த்துவிட்டு, தாங்கள் எதிர்பார்த்த ஆள் இல்லை என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்களாம். “கடைசி வீட்டுல ஒரு அம்மா தண்ணி குடுத்துச்சு. ஐம்பது வயசு இருக்கும். இடது குதிகால்ல பெரிய தழும்பு, நொண்டி நொண்டித்தான் நடக்குது. வாய் மட்டும் நொண்டல. கிளம்புறப்ப எங்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘கால அகட்டி வெச்சுக்கோங்க’ன்னுச்சு. முப்பது வருஷம் ஓட்டினவன்கிட்ட! என் வண்டியில கேரியரே கிடையாது.”

தசமம் அங்கிருந்த மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், அவருக்குப் பதினான்கு வயது, தங்கைக்கு ஒன்பது. தினமும் அவளைக் கேரியரில் வைத்துப் பள்ளிக்குக் கூட்டிப் போவார். மிதிப்பதற்குமுன் தினமும் ‘கால அகட்டி வெச்சுக்கோ’ என்று சொல்லுவார், கால் கம்பிக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக. ஒருநாள் நேரமாகிவிட்ட அவசரத்தில் சொல்லவில்லை. வாய்க்கால் பாலத்தின்மேல் அவள் குதிகால் சக்கரத்துக்குள் போனது. அவர் பாலத்தில் விழுந்தார், அவள் தண்ணீரில் விழுந்தாள். வீட்டில் கேட்டபோது, சொன்னேன், அவள் கேட்கவில்லை என்றார். அம்மா அதை நம்பினார். பதினேழு ஆண்டுகள் கழித்துச் சாகும்வரை, சின்னவளின் பேச்சு வந்தபோதெல்லாம், சொன்னதைக் கேட்காத பிள்ளை என்றே சொன்னார்.

இதை அவர் மனைவியிடம் சொன்னது தபால்காரர் வந்துபோன அன்று மத்தியானம்தான். பட்டறையில் வேறு யாரும் இல்லை.

“சொல்ல மறந்தது போகட்டும். சொன்னேன்னு வேற சொன்னீங்களா?”

“அம்மா அடிப்பாங்கன்னு பயம்.”

“அவளத்தானே அடிச்சாங்க. செத்தவள, பதினேழு வருஷம், வாயாலயே.”

அவர் மறுநாளிலிருந்து தன் சீட்டையே ஹேண்டிலில் செருகிக்கொண்டு கோட்டைக்குப் போனார். பதினொரு முறை போனார். ஒவ்வொரு முறையும் 31.4-இல் இடதுபுறம் திரும்பிச் சுவரில் மோதினார். உலகத்தில் அந்தச் சீட்டை நம்ப முடியாத ஆள் அவர் ஒருவர்தான். நெற்றியில் மூன்று தையல் விழுந்தது. மனைவி வளைந்த முன்சக்கரக் கவைகளில் இரண்டை நிமிர்த்தினார், ஒன்றைத் தூக்கிப் போட்டார். அச்சகத்துக்குச் சீட்டு போக வேண்டிய நாள் நெருங்கியது. போய்விட்டால் பழைய சீட்டுகளைக் கிழித்துவிடுவார்கள், யாரும் 31.4-இல் திரும்ப மாட்டார்கள், அந்த வீட்டுக்கு வழி இருக்காது.

அச்சுக்கு மூன்று நாள் இருக்கையில் ஒரு பல் மருத்துவர் வந்தார். இருவர் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிளைப் பதிவு செய்திருந்த அவர் கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பின் இருக்கைக்கு ஆள் வேண்டும். தசமத்தின் மனைவி கொஞ்சநேரம் அந்த நீளமான வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கணவரைக் கூப்பிட்டார். “ஏறுங்க. பின்னாடி ஹேண்டில் இருக்கும், ஆனா திரும்பாது. சீட்டு அவங்ககிட்ட. நீங்க அவங்க முதுகப் பாத்து மிதிங்க, போதும்.” மருத்துவரைத் தனியே அழைத்து இன்னொன்றும் சொன்னார். “இவர் பெடல் சுத்தறத வெச்சே தூரம் கணக்குப் போடுவாரும்மா. எண்ண விடாதீங்க. பேசிட்டே போங்க.”

வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம் கேள்வி கேட்டே பழகிய மருத்துவருக்கு அது சிரமமாக இல்லை. ஏரிக்கரையில் கடைவாய்ப் பல்லைப் பற்றிக் கேட்டார். கல்மண்டபத்தில் தண்ணீர் குடித்த ஐந்து நிமிடத்தில், சும்மா காட்டுங்கள் என்று அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, இரண்டு சொத்தை என்றார். குன்றின் சரிவில் தசமம், எந்தப் பக்கம் மெல்வது என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எண்ணிக்கை தவறியது. அதை அவர் கவனிக்கவில்லை. வெந்நீர் குடித்தால் கூசுமா என்று மருத்துவர் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது, செயின் சத்தம் நின்றிருந்தது.

இருபுறமும் வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நிழல் விழவில்லை. மருத்துவர் ஒரு வாசலைப் பார்த்தார், அதன்பிறகு பல்லைப் பற்றிப் பேசவில்லை. கடைசி வீட்டின்முன் கல்லில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலை. அம்மாவின் தாடை. அவள் மருத்துவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள், பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தாள், குனியவில்லை.

“நீ ஏன்ணா பின்னாடி உக்காந்திருக்க?” என்றாள்.

அவர் இறங்கினார். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அன்னைக்கு நான் உங்கிட்ட சொல்லல” என்றார்.

“எத? கால அகட்டச் சொல்றதா? ஆமா, சொல்லல. நாந்தானே கேரியர்ல இருந்தேன், எனக்குத் தெரியாதா?” அவள் சிரித்தபடி அவர் பாட்டிலை வாங்கிக் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

“வீட்டுல சொன்னேன்னு சொல்லிட்டேன். நீ கேக்கலன்னு.”

பாட்டில் நிறைந்து வழிந்தது. அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. “அதான் அம்மா எங்கூடப் பேசறதே இல்லையா” என்றாள். குடத்தை நிமிர்த்தினாள். “இங்க வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. நானும் என்னென்னவோ நெனச்சேன். உள்ளதான் இருக்காங்க. போய்ச் சொல்லு.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மருத்துவர் வண்டியைப் பிடித்தபடி வெளியே நின்றார். உள்ளே பேசியது அவருக்குக் கேட்கவில்லை. ஒரு பல்லை அடைக்க ஆகும் நேரம் ஆனது என்று பின்னால் சொன்னார். தசமம் வெளியே வந்தபோது அவருடைய இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. கன்னம் ஒரு வாரம் வீங்கியிருந்தது, சொத்தைப் பல் அந்தப் பக்கம்தான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கையில் உள்ளிருந்து “சின்னவளே” என்று குரல் வந்தது. கல்லில் உட்கார்ந்திருந்தவள் உடனே எழுந்திருக்கவில்லை. குரல் இரண்டாம் முறை வந்ததும் கையிலிருந்த குவளையை அப்படியே வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே ஓடினாள். அவர்கள் கிளம்பியபோது வாசலில் யாரும் இல்லை. யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கோட்டைக்கு அப்பால் உள்ள பாலத்துக்கு வந்து சேரும்வரை தசமம் கால்களைப் பெடலில் வைக்கப் பயந்து, அகட்டியே வைத்திருந்தார். மிதித்தது முழுக்க மருத்துவர்.

அச்சுக்குக் கொடுத்த சீட்டில் அவர் 31.0-ஐ மாற்றுவழியாகச் சேர்த்தார், 31.4-ஐ எடுக்கவில்லை. முதலாளியம்மா, சுவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். “சுவர் இருக்கு மேடம். சீட்டுப்படி போனா இருக்காது.” இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு பிழைதான் என்பதால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. தொல்பொருள் துறை ஓர் ஆய்வாளரை அனுப்பியது. அவர் சீட்டோடு போய், பாட்டில் நிறையத் தண்ணீரோடு திரும்பிவந்து, சுவர் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கோப்பை மூடினார்.

தசமத்துக்குச் சுவர் மறுபடி சுவராகவே இருந்தது. அவர் மீண்டும் போய்ப் பார்க்கவில்லை. போய்வந்தவர்கள் சொன்னதிலிருந்து, கல்லின்மேல் குடமும் குவளையும் இருக்கின்றன, ஊற்றிக் கொடுக்க ஆள் இல்லை, உள்ளே இரண்டு பெண்கள் ஓயாமல் பேசுகிறார்கள், வெளியே ஆள் வந்தாலும் நிறுத்துவதில்லை என்று தெரிந்தது. சீட்டின் அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: 31.4. இடது. குடிதண்ணீர் உண்டு. காலை அகட்டி வைத்துக்கொள்ளவும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேரியர் இல்லாத வண்டிக்காரர்களும் அந்த இடம் வந்ததும் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து விரித்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே சுவருக்குள் போகிறார்கள். நிழலில் படுத்திருக்கும் ஆடுகள் எழுந்து கொஞ்சம் நகர்ந்து வழிவிடுகின்றன, பிறகு அதே இடத்தில் படுத்துக்கொள்கின்றன.