படுத்துக் கிடக்கிற கிரகம்

அலோசியஸ் மாஸ்டருக்குப் பென்சன் வாங்கியும் வாய் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரங்களில் வட்டகொடைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கிழடுகளைக் கூட்டி வைத்து உலக அறிவு புகட்டக் கிளம்பிவிட்டார். ஐம்பது தாண்டியவர்கள் மட்டும் வரலாமாம். வந்த லட்சணத்தை நாகலெட்சுமி முதல் வாரமே பார்த்துவிட்டாள். பாதிப் பேர் பிளேன்டீக்கும் பணிசு ரொட்டிக்கும் வந்தார்கள். மீதிப் பேர் மருமகள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் வந்தார்கள். அறிவைத் தேடி ஒரு ஜென்மமும் வரவில்லை.

அவளும் அதைத் தேடி வரவில்லைதான். அங்கே வருகிற, தோட்டத்துக்கே சாதகம் பார்க்கிற செல்லசாமிக் கங்காணியின் மூக்கை நாலு பேர் முன்னால் உடைக்க வேண்டும், அவ்வளவுதான். மகள் தவமணியை அதே தோட்டத்து அம்மாக்கண்ணுவின் மகனுக்குப் பேசி எல்லாம் கூடி வந்திருந்தது. பையன் தலவாக்கலையில் ஹுசைன் முதலாளி கடையில் நிற்கிறான், குடி கிடையாது, வெற்றிலைகூடப் போடமாட்டான். அந்த நேரம் பார்த்து இந்தக் கிழவன் சாதகத்தை விரித்து, "ஏழாமெடத்துல ராகு. ஆகாது" என்று ஒரே போடாய்ப் போட்டுவிட்டான். கொழுந்து நிறுக்கிற தராசையே நேராகப் பார்க்கத் தெரியாத ஆள் வானத்தைப் பார்க்கிறானாம், தூ! தவமணிக்கு இருபத்தெட்டு நடக்கிறது. இந்த இடமும் தவறினால் இனி யார் வந்து கேட்பார்கள் என்று நாகலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு மாஸ்டர் கரும்பலகையில் நீலச் சோக்கட்டியால் பெரிய வட்டம் ஒன்று போட்டார்.

"இது யுரேனஸ். சூரியனைச் சுத்துற கிரகத்துல ஏழாவது. அமெரிக்காக்காரன் விட்ட கலம் எட்டு வருசத்துக்கு மேல ஓடி, இந்த எம்பத்தாறு ஜனவரியிலதான் கிட்டப் போய்ப் படம் எடுத்துச்சு. மண்ணு, மலைன்னு ஒண்ணும் இல்ல. உள்ளுக்குப் பனியும் வாயுவுமா ஒரே கொழம்பு. பூமியை விட எத்தனையோ மடங்கு பெரிசு."

"பட்டிப்பொலய விடக் குளிருங்களா மாஸ்டர்?" என்று கம்பளிக்குள்ளிருந்து ஒரு கிழவி கேட்டாள். பட்டிப்பொலையைத் தாண்டி ரயில் ஏறாத ஜென்மம், வேறு எதைக் கேட்கும்?

"பட்டிப்பொல அதுக்கு முன்னால அடுப்படி. இன்னொண்ணு கேளுங்க. மத்த கிரகமெல்லாம் பம்பரமாட்டம் சுத்துது. இது மட்டும் படுத்துக்கிட்டு உருளுது. அதனால ஒரு முனைக்கு நாப்பது வருசத்துக்கு மேல வெளிச்சம், அப்புறம் அதே அளவுக்கு இருட்டு."

"அப்ப அங்க விடியக்காலயில வேலைக்கு ஆள எழுப்பப் பெரட்டுத் தப்பு அடிக்க வேண்டியதில்ல," என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

"இருநூறு வருசத்துக்கு முந்தி வரைக்கும் இது ஒரு கிரகம்னே யாருக்கும் தெரியாது," என்றார் மாஸ்டர்.

பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப நம்ம கங்காணியாரு கட்டத்துல இது எங்கன இருக்கு?"

அத்தனை தலையும் செல்லசாமி பக்கம் திரும்பியது. தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்வானா? கௌரவம் என்னாவது? தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான். "மாஸ்டர், கிரகம் மொத்தம் எத்தன?"

"ஒம்பது."

"நவக்கிரகமும் ஒம்பது. கணக்குச் சரியா வருது பாத்தீங்களா? கண்ணுக்குத் தெரியாத கிரகம்னா அது ராகு. நம்ம ஆளுங்க எப்பவோ சொன்னதத்தான் வெள்ளக்காரன் இப்பப் படம் புடிச்சிருக்கான்."

மாஸ்டர் பதறிப்போனார். "இல்லீங்க கங்காணி, ராகுங்கிறது..."

"நீங்க சித்த சும்மா இருங்க மாஸ்டர்," என்று நாகலெட்சுமி எழுந்துவிட்டாள். மாஸ்டரின் முகம் போன போக்கிலேயே கிழவன் உளறுகிறான் என்று விளங்கிவிட்டது. உளறட்டும், நன்றாக உளறட்டும். "அவரு வாயாலயே சொல்லிட்டாரு. இதுதான் ராகு. ஏங்க கங்காணியாரே, கலம் போறதுக்கே எட்டு வருசமாச்சாம். குளுருல வெறச்சு, எந்திரிக்கக்கூட வக்கில்லாமப் படுத்து உருளுதாம். அந்தச் சவம் எந்திரிச்சு, வட்டகொடைக்கு வழி கேட்டு, எங்க லயத்துக்கு வந்து, எம் மவ கல்யாணத்தக் கெடுத்திச்சாக்கும்? கேக்குறவன் கேனையனா இருந்தா நீங்க இதுவுஞ் சொல்லுவீங்க, இன்னமுஞ் சொல்லுவீங்க!"

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. பல்லில்லாத வாயெல்லாம் திறந்து சிரித்தது. நாகலெட்சுமிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதோடு விட்டாளா? முன் வாங்கில் இருந்த அம்மாக்கண்ணு பக்கம் திரும்பினாள். "நீயும் ஒரு பொம்பள! இந்தப் பித்துக்குளி பேச்சக் கேட்டு நல்ல பொண்ண வேணாங்கிற. புத்தி இருக்கா ஒனக்கு?"

செல்லசாமி சால்வையை உதறிக்கொண்டு எழுந்தான். "தாயி அம்மாக்கண்ணு, இனி நீயே சொல்லிடு. ஒனக்காக நான் இவகிட்ட ஏச்சு வாங்குனது போதும்."

அம்மாக்கண்ணு தலை குனிந்து சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

"தவமணி தங்கமான புள்ள," என்றாள் மெதுவாக. "அவ சாதகத்துல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் கங்காணி அண்ணன்கிட்ட ஏதாவது ஒரு தோசத்தச் சொல்லச் சொன்னேன். ஒன் வாயிக்குப் பயந்துதான் தங்கச்சி. பொண்ண எடுத்தா நீயும் கூட வருவியே. எங்க வீட்டுக்காரரு நெஞ்சு வருத்தக்காரரு. அவரு தாங்கமாட்டாரு."

பணிசைக் கடித்தவன்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டான். எல்லோரும் நாகலெட்சுமியின் வாயையே பார்த்தார்கள். அவளுக்குச் சொல்ல நூறு இருந்தது. அம்மாக்கண்ணுவின் மாமியாரிலிருந்து தொடங்கி ஏழு தலைமுறையை இழுக்கலாம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதில் ஒன்றைச் சொன்னாலும் அம்மாக்கண்ணு சொன்னது மெய்யாகிப் போகும்.

நாகலெட்சுமி வாயை மூடிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தாள்.