செக்கிங் மேசை விளக்கு

மன்னிப்புக் கடிதத்தைக் கம்பெனியே அடித்து வைத்திருந்தது. யுவராணி கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

"மூணு நாளா மதியத்துக்கு மேல நீ பாத்ரூம்லயேதான் இருந்திருக்கம்மா," என்றார் மேலாளர் ஆரோக்கியராஜ். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். தையற்கூடத்தின் வரைபடம். மூலையில், பெண்கள் கழிப்பறை என்ற கட்டத்துக்குள், ஒரு சிவப்புப் புள்ளி. "நேத்து மூணு மணிக்கு. இது நீ."

"நான் செக்கிங் மேசையில இருந்தேங்க சார்."

"விளக்கு பொய் சொல்லாது."

அந்த விளக்குகள் ஆடியில் வந்தவை. நாற்பத்தெட்டு எல்.இ.டி. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கித் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கழுத்தில் தொங்கும் அட்டை அதைப் படித்துக் கணினிக்கு அனுப்பும். எந்த விளக்கின் கீழ் நிற்கிறோமோ அங்கே புள்ளி விழும். இதே படம் ஓசூர் தலைமை அலுவலகத்திலும் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டியில் வேறெங்கும் இது இல்லை என்று ஆரோக்கியராஜ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"கையெழுத்து போடலைன்னா?"

"நாளையிலிருந்து வர வேணாம்."

போட்டால் வேலை தங்கும். கழிப்பறையில் குந்தியிருந்தவள் என்று தானே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகும். அவள் பேனாவைத் தொடவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லு," என்றார்.

காலையில் அவளுக்குத் தையல் இயந்திரம், மதியத்துக்கு மேல் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங் மேசை. போய் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையிலிருந்து தீர்த்தம்மாள் கேட்டாள்.

"என்னாடி, பாத்ரூம்லயே வூடு கட்டிட்டியாமே? வாசல்ல கோலம் போட்டியா?"

யுவராணி அண்ணாந்தாள். விளக்கின் ஓரத்தில் குங்குமப் பொட்டு. அது எல்லா விளக்கிலும் இருந்தது. பொட்டுக்குப் பக்கத்தில் நீலப் பெயின்ட் துளிகள். அது ஒரே ஒரு விளக்கில்தான் உண்டு. கழிப்பறைக் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது தெறித்தது.

போன வாரம், ஆயுத பூசைக்கு முந்தின நாள் எலக்ட்ரீஷியன் பச்சியப்பன் ஏணி போட்டு எல்லா விளக்கையும் கழற்றித் தரையில் அடுக்கினார். பெண்கள் துடைத்தார்கள், சந்தனம் குங்குமம் வைத்தார்கள், அவர் திரும்ப மாட்டினார். பொட்டு வைத்தாச்சா என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்று யார் பார்த்தார்கள்? அந்த நீலத் துளியை அவளேதான் நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

எழுந்து தீர்த்தம்மாளின் கையைப் பிடித்தாள். "வா."

மேலாளர் அறைக்குள் நுழைந்ததும், மேசைமேல் கிடந்த அவருடைய அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றார் ஆரோக்கியராஜ்.

"அக்கா, நீ திரையைப் பாத்துட்டே இரு."

கூடத்தில் நடந்துபோய்த் தன் மேசையருகே நின்று, அட்டையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அறை வாசலிலிருந்து தீர்த்தம்மாள் கத்தினாள். "ஏ, சாரு லேடீஸ் பாத்ரூம்ல இருக்காருடி!"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆரோக்கியராஜ் வெளியே வந்தார். முகம் கறுத்திருந்தது.

"பூசைக்குக் கழட்டுன விளக்கு மாறிடுச்சுங்க சார். உங்க பாத்ரூம் விளக்கு என் தலைமேல தொங்குது."

"சரி, சரி. பச்சியப்பனை மாத்தச் சொல்றேன். அந்தக் கடிதத்தைக் கிழிச்சுடறேன். அட்டையைக் குடு."

"கிழிக்காதீங்க. பின்பக்கம் எழுதுங்க. மூணு நாளும் யுவராணி மேசையிலதான் இருந்தா, தப்பு எங்களோடதுன்னு. கையெழுத்து நீங்க போடுங்க."

"அப்படியெல்லாம் எழுதிக் குடுக்கற வழக்கம் இல்லம்மா."

"எனக்கும் இல்லைங்க."

அட்டையை மேசை விளிம்பு ஆணியில் மாட்டினாள். "எழுதிட்டு வாங்கிக்கங்க சார். அதுவரைக்கும் நீங்க எங்க இருக்கீங்கன்னு ஓசூர்ல பாத்துட்டு இருக்கட்டும். விளக்கு பொய் சொல்லாதில்ல?"

உட்கார்ந்து அடுத்த சட்டையை எடுத்தாள். காலர், கைமடிப்பு, பொத்தான். நான்காவது சட்டைக்கு மேசையில் தாள் வந்து விழுந்தது. மெதுவாக, இரண்டு முறை படித்தாள்.

"தேதி போடலைங்க சார்," என்றாள்.